எண் கேட்ட இடத்தில்

கப்பலூர் தொழிற்பேட்டையில்
எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரே ஜன்னல்.
அதில் பாதி திருப்பரங்குன்றம்,
மீதி பக்கத்துக் கம்பெனியின் புகைபோக்கி.

பம்புகளுக்கு ரப்பர் வளையம் செய்கிறோம்.
நூற்றில் ஏழு கசிகிறது.
ஏனென்று யாருக்கும் தெரியாது.
அந்தத் தெரியாததற்கு ஒரு நிரல் எழுதினேன்
பைத்தானில், ஒரே மத்தியானத்தில்,
சாப்பாட்டு டப்பாவைக் கழுவாமல் வைத்துவிட்டு.

எந்த மாறிக்கும் வகை சொல்லவில்லை.
எண்ணா எழுத்தா என்று கேட்கவில்லை.
பெரியார் நிலையத்து ஷேர் ஆட்டோ மாதிரி
ஏறுவது வாழைத்தாரோ
பள்ளிக்கூடப் பையனோ,
கொஞ்சம் தள்ளி உட்காரு, அவ்வளவுதான்.
இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கோவர்தனுக்கு இது ஆகாது.
அவன் மொழியில் ஒவ்வொரு பெட்டிக்கும்
முன்கூட்டியே சீட்டு ஒட்டியாக வேண்டும்.
பிசகினால் கம்பைலர் வாசலிலேயே மறிக்கும்.
"பத்தையும் பத்தையும் கூட்டுனா
ஆயிரத்துப் பத்து வருது ஜெசிந்தா, உன் நிரல்ல."
வந்தது. ஒரு தடவை.
மறுக்கவில்லை.

என் வாதம் சின்னது.
பெட்டிக்குள் என்ன வருமென்று தெரிந்திருந்தால்
ஆராய்ச்சி என்று எனக்கு எதற்குச் சம்பளம்?
சொல்லி முடிப்பதற்குள்
அவன் பருத்திப்பால் ஏடு கட்டிவிட்டது.
பாதியை வைத்துவிட்டு எழுந்துபோனான்.

ஐப்பசி. அடைமழை. மாதக் கடைசி.
காலையில் வந்து பார்த்தால்
நிரல் மூன்று பத்துக்கே செத்துக் கிடக்கிறது,
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில்,
சராசரி எடுக்கும் இடத்தில்.
கடினம் என்ற பத்தியில்
அறுபத்தொன்று, அறுபது, அறுபத்திரண்டு,
அதற்குக் கீழே
"மீட்டர் அறுபது சொல்லுது, கைக்கு இளகலா இருக்கு."

நாலாம் நம்பர் பிரஸ், இரவு ஷிஃப்ட், காசிமாயன்.
உசிலம்பட்டியில் ஐடிஐ முடித்து வந்து எட்டு மாதம்.
மேலே தள்ளிப் பார்த்தேன்.
"இன்னைக்கும் இளகல்."
"நேத்து மாதிரியே."
பத்தொன்பது வாக்கியங்கள்.
ஒரு மாதமாக வாங்கி வாங்கி
வயிற்றில் வைத்துக்கொண்டு
மூச்சு விடவில்லை என் நிரல்.

முதலில் கோபம்தான் வந்தது.
பிறகு தேதிகளைப் பார்த்தேன்.
பத்தொன்பதும் மழை இரவுகள்.
பத்தொன்பதும் மேற்கு ஷட்டர் ஓரம் அடுக்கிய
கார்பன் மூட்டைகள்.
கோவர்தன் எழுதியிருந்தால்
அந்தப் பெட்டி சிவந்து கத்தியிருக்கும்.
காசிமாயன் அழித்துவிட்டு
அறுபது என்று அடித்திருப்பான்.

மூட்டைகள் இடம் மாறின.
ஏழு இரண்டாயிற்று.
அந்த இரண்டு ஏனென்று இன்னும் தெரியாது.

தையில் உற்பத்திக்குப் போனது.
"தற்காலிகம், பிறகு சரிசெய்யவும்" என்று
முதல் வரியில் நானே எழுதிவைத்த நிரல்
பதினாலு மாதம் ஓடியிருந்தது.
கோவர்தன் முழுசாகத் திருப்பி எழுதினான்,
வகை வகையாக, சீட்டு ஒட்டி.
ஒப்புதல் கையெழுத்து என்னுடையது.
இப்போது பத்தும் பத்தும் எப்போதும் இருபது.
ஆயிரம் பம்புக்காரர்கள்
நிம்மதியாகத் தூங்க அதுதான் சரி.
நிஜமாகவே சரி.

போன வியாழன் ராத்திரி
பிரஸ் வரிசையில் நடந்துபோனேன்.
புதுத் திரையில் எல்லாப் பெட்டியும் பச்சை.
நாலாம் நம்பரின் இரும்புக் கதவில் மட்டும்
சாக்பீஸில், சாய்ந்த எழுத்தில்,
"சத்தம் வேற மாதிரி கேக்குது."

சத்தத்துக்குப் பத்தியே கிடையாது.
யாரும் கேட்டதில்லை.
காதை வைத்துப் பார்த்தேன்,
எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மாடியேறி
புதுக் கோப்பு திறந்தேன்.
சத்தம் என்று அடித்து
சமக்குறி போட்டு
அதற்கு அப்பால்
ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருக்கிறேன்.